குருந்தனேந்தலுக்குப் பத்துக்கு ஒன்பதரை

நவம்பர் 3, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. இன்னும் சில நாட்களில் கண்மாய்கள் நிறைந்துவிடும். படகுகளைத் துடைத்து வைக்க வேண்டும்.

என் பணிக்காலம் முழுவதும் மாவட்ட நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே கழிந்தது. அந்தப் பலகையைப் படித்துவிட்டு, "ஏன் சார், இங்க பேசக் கூடாதா?" என்று உரக்கக் கேட்டவர்கள் ஏராளம். மனிதர்களுக்கு எழுத்தறிவு கொடுத்தது அவசரப்பட்ட காரியம் என்று அப்போதே தோன்றியது. ஓய்வுபெற்ற மறுவருடம் நிசப்தப் படகுக் குழுவைத் தொடங்கினேன். ஆள் நடமாட்டமில்லாத கண்மாயைக் கண்டுபிடிப்பது, சிறு படகில் நடுவிலுள்ள மண்திட்டுக்குப் போய்க் கூடாரம் போடுவது, ஓர் இரவு தங்கித் திரும்புவது. படகு தண்ணீரைத் தொட்டதிலிருந்து மறுநாள் டீ அடுப்பைப் பற்றவைக்கும்வரை ஒருவரும் பேசக் கூடாது. குழுவில் மூவர். நான் தலைவர். பல் மருத்துவர் எட்வின் பொருளாளர். ஜீப்பும் இரண்டு ஃபைபர் படகுகளும் அவருடையவை. பூமிநாதன் உறுப்பினர்.

பூமிநாதன் என் கல்லூரித் தோழன். 'பூமி சவுண்ட் சர்வீஸ்' நடத்தியவன். மதுரையைச் சுற்றித் திருவிழாவுக்கும் சடங்குக்கும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் பாதி இவன் கட்டியவை. மகன் கடையை விற்றுவிட்டு ஓசூருக்குப் போன பிறகு இவன் என் வீட்டுக்கு வரத் தொடங்கினான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறான். அது குரலைப் பாதிக்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

லைஃப் ஜாக்கெட்டுகளை வெயிலில் போட்டேன். ஒவ்வொன்றின் தோளிலும் ஓர் ஆரஞ்சு விசிலைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். போன வருடம் பூமி அதை ஊதிப் பார்த்துவிட்டு, "ட்ரெபிள் அருமைடா" என்றான். மூன்றையும் கத்தரித்து மேசை இழுப்பறையில் போட்டேன்.

வேதவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊதுறதுக்குத்தானே வச்சிருக்கான்?"

"அதுக்குத்தான் வெட்டுறேன்."

என் மனைவிக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் உண்டு. பதிலைக் கேட்கும் பழக்கம் குறைவு.

மாலையில் பூமி வந்தான். அழைப்பு மணி இருக்கிறது. ஆனாலும் கதவைத் தட்டுவான்: இரண்டு தட்டு, சற்று இடைவெளி, பிறகு ஒன்று. மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துப் பழகிய விரல். வீட்டில் ஆளில்லாததுபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வேதவல்லி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே போய்த் திறந்துவிட்டாள். எப்போதும் இப்படித்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

மருதனேந்தல் கண்மாய். பத்துக்கு ஆறு.

கண்மாய்களை நான் செல்பேசியின் செயற்கைக்கோள் படத்தில் தேடுகிறேன். சாலை கரையைத் தொடக் கூடாது. டீக்கடை பார்வைக்கு எட்டக் கூடாது. ஐயனார் இருக்கலாம், அவர் பேசுவதில்லை, அவருடைய பக்தர்கள்தான் பேசுகிறார்கள். பொழுது சாயும்போது திட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு ஆளுக்கொரு படகில் தனித்தனியே போய்விடுவோம். வீடு திரும்பியதும் பதிவைக் கேட்டு, அமைதிக்கு மதிப்பெண் இடுவேன். பதிவை இணையத்திலும் ஏற்றுகிறேன். ஊர்பேர் தெரியாத சிலர் அதைப் போட்டுத் தூங்குகிறார்களாம். கண்மாயின் பெயரை மட்டும் கொடுப்பதில்லை. கொடுத்தால் வந்துவிடுவார்கள்.

மருதனேந்தலில் கூழைக்கடா கூட்டம் ஒன்று தலைக்கு மேலே போனது. பதிவில் சிறகோசை துல்லியமாக இருக்கிறது. அதற்கு மேலே பூமியின் குரல்: "அடேங்கப்பா!"

விதிமீறல் ஒன்று.

நவம்பர் 16, சனி

மழை. வேதவல்லியின் தங்கை வந்திருந்தாள். எழுதத் தெம்பில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

புலியடிக் கண்மாய். எட்டு கொடுத்திருப்பேன். விடியற்காலையில் பூமி தும்மினான். தும்மல் உடலின் காரியம். அதை நான் தண்டிப்பதில்லை. ஆனால் தும்மி முடித்து, "யப்பா, முருகா" என்றான். அது மொழி.

விதிமீறல் இரண்டு.

ஜீப்பில் திரும்பும்போது, "முருகனக் கூப்பிட்டா உனக்கு என்னடா வலிக்குது?" என்று கேட்டான். எட்வின் சிரித்தார். பல் மருத்துவர்கள் மற்றவர்கள் வாயைத் திறப்பதை விரும்புகிறார்கள், தொழில்தோஷம்.

நவம்பர் 27, புதன்

என் வீட்டில் குழுக் கூட்டம். தீர்மானம்: ஒரு பருவத்தில் மூன்று முறை விதியை மீறும் உறுப்பினரின் பெயர் நீக்கப்படும். ஆதரவு இரண்டு. எதிர்ப்பு ஒன்று. எட்வின் கையைத் தூக்குமுன் கூரையைப் பார்த்தார். ஆனாலும் தூக்கினார்.

"ஆத்திர அவசரம்னா என்னடா பண்றது?" என்று கேட்டான் பூமி.

"கையை உயர்த்தலாம்னு விதியில இருக்கு."

"பொழுது சாஞ்சா கை எப்படிறா தெரியும்?"

பொருளுக்குப் புறம்பான கேள்வி என்று குறிப்பில் எழுதினேன்.

நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இதுலயிருந்தும் எடுத்துட்டீங்கன்னா நான் எங்கடா போவேன்?" என்றான். அதுவும் பொருளுக்குப் புறம்பானதுதான். வேதவல்லி காப்பியைக் கொண்டுவந்து அவன் முன்னால்தான் முதலில் வைத்தாள்.

"தங்கச்சி, நீயே சாட்சி" என்றான். "இனிமே கழுத்த அறுத்தாலும் தண்ணியில வாயத் தொறக்க மாட்டேன்."

நவம்பர் 29, வெள்ளி

பூமியின் மனைவி தெய்வானை போன் செய்தாள். நான் எடுத்திருக்கக் கூடாது.

"அண்ணே, அவரு பேர எடுத்துராதீங்கண்ணே. அந்தப் படகுல போயிட்டு வந்தா ஒரு வாரம் மனுசனா இருக்காரு. இல்லாட்டி சுவத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காரு. இப்ப வீட்ல பழகிக்கிட்டிருக்காருண்ணே. வெளக்கு வச்சதுக்கப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாரு. ரசம் வேணும்னாக்கூடக் கையக் காட்டுறாரு. எனக்கே சிரிப்பா வருது."

அவள் சிரிக்கவில்லை. விதி எல்லோருக்கும் பொது என்று சொன்னேன்.

டிசம்பர் 4, புதன்

குருந்தனேந்தல். சிவகங்கைப் பக்கம். படத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஊர் காலியாகி ஒரு தலைமுறை ஆகிறது. கரைக்கு வண்டித்தடம் மட்டும். நடுவில் நல்ல திட்டு. வடபுறம் சீமைக் கருவேலம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது. யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம். மனிதர்கள் கைவிட்ட இடத்தை இயற்கை எவ்வளவு நாகரிகமாக வைத்துக்கொள்கிறது!

டிசம்பர் 8, ஞாயிறு

ஃபைபர் படகுகளில் ஒன்று எனக்கு, ஒன்று எட்வினுக்கு. பூமி வழக்கமாகச் செல்வது காற்றடைக்கும் ரப்பர் படகு. அதில் புதிதாக ஒரு கசிவு. சைக்கிள் கடையில் ட்யூப் துண்டு வாங்கிவந்து நானே ஒட்டினேன். வேலை சுத்தமாக வந்தது. முட்பக்கம் போக வேண்டாம் என்று அவனிடம் சொல்ல நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

இரண்டு தட்டு, பிறகு ஒன்று. வேதவல்லி திறந்தாள். பூமி பால்கோவா கொண்டுவந்திருந்தான். எனக்குச் சர்க்கரை இருப்பது அவனுக்குத் தெரியும். அவளுக்காகத்தான்.

கூடத்தில் உட்கார்ந்து கதை சொன்னான். "ஒரு கல்யாண வீட்ல மைக்க ஆஃப் பண்ண மறந்துட்டேன் தங்கச்சி. மாப்பிள்ளையோட அப்பன் சம்சாரத்துகிட்ட, 'சாம்பாரா இது, பாத்திரம் கழுவுன தண்ணி'ன்னு சொன்னது அஞ்சு தெருவுக்குக் கேட்டுச்சு. பொண்ணோட தாய்மாமன் கரண்டியோட வந்தான் பாரு. நான் ஆம்ப்ளிஃபயரத் தூக்கிட்டு ஓடுனேன். பொண்டாட்டிய விட்டுட்டு ஓடிட்டேன்னு தெய்வானை இன்னும் சொல்லிக்காட்டுறா!"

வேதவல்லி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். நான் அறையில் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை மூன்றாம் முறை படிக்க வேண்டியிருந்தது.

போகும்போது என் அறையை எட்டிப் பார்த்து, "நாளைக்குப் பாரு தணி, நீயே ஆச்சரியப்படுவ" என்றான். உதட்டில் பூட்டுப் போடுவதுபோல் சைகை செய்தான்.

முட்பக்கம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நாளை கரையில் சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பர் 14, சனி. குருந்தனேந்தல் திட்டு, கூடாரம்

எழுதும்போதுகூடப் பேனாவின் ஓசை கேட்கிறது. இப்படி ஓர் இடத்துக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

நான் கரையில் சேறு படாத இடம் தேடிக்கொண்டிருந்தபோதே பூமி ரப்பர் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டான். படகு தண்ணீரைத் தொட்டால் பேசக் கூடாது. ஆகவே முட்பக்கம் பற்றிச் சொல்ல முடியவில்லை. விதியை எழுதியவனே மீறுவது முறையல்ல.

பொழுது சாயத் தொடங்கியதும் கருவியை ஓடவிட்டோம். எட்வின் மேற்கே போனார். பூமி வடக்கே. நான் திட்டை ஒட்டியே இருந்தேன். சூரியன் விழுந்தது. ஒரு நீர்க்காகம் இறகை விரித்து உலர்த்தியது. அதற்குக்கூட ஓசையில்லை.

அப்போது வடபுறத்திலிருந்து தட்டல். மரத்தில் துடுப்பைத் தட்டும் ஓசை. இரண்டு, இடைவெளி, பிறகு ஒன்று. மறுபடியும். மறுபடியும்.

விதியில் பேச்சு என்றுதான் இருக்கிறது, தட்டலைச் சேர்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டான். வாயைத் திறக்காமலே என்னைச் சீண்டுகிறான். "நீயே ஆச்சரியப்படுவ" என்று சொன்னது இதைத்தான் போலும். என் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோலவே தட்டுகிறான். வீட்டில் செய்வதையே செய்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நெடுநேரம் தட்டினான். பிறகு மெதுவாகத் தட்டினான். பிறகு நின்றது. அதன் பின் கிடைத்த அமைதி முதல் தரமானது.

எட்வின் திரும்பிவந்துவிட்டார். வடக்கே கையைக் காட்டி, உள்ளங்கையை விரித்துக் கேட்கிறார். டார்ச்சை எடுத்தார். பறவைகள் கலையும், வாங்கி அணைத்தேன். தாளில் எழுதிக் காட்டினேன்: 'ரப்பர் படகு கொடுத்ததில் கோபம். பசித்தால் வருவான்.' எட்வின் இன்னும் வெளியே நின்றுகொண்டிருக்கிறார். உட்காரச் சொல்லிச் சைகை செய்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

எட்வின் என்னை எழுப்பவில்லை. அடுப்பைப் பற்றவைத்திருந்தார். பாத்திரத்தில் தண்ணீர்கூட இல்லை, வெறும் அடுப்பு. நெருப்பு பிடித்த உடனே கத்தினார்: "பூமி சார்!"

பதில் இல்லை.

தீயணைப்புக்காரர்கள் வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். படகு கருவேலங்காட்டுக்குள் கிழிந்து கிடந்தது. நான் போட்ட ஒட்டு பிரியவில்லை. கிழிசல் வேறு இடத்தில். இதை அங்கிருந்தவரிடம் சுட்டிக்காட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்.

பூமியின் லைஃப் ஜாக்கெட் முட்கிளையில் சிக்கியிருந்தது. தலை தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. ஒரு கை மரத்தைக் கட்டியிருந்தது. மற்றக் கையில் துடுப்பு. துடுப்பின் விளிம்பு சிதைந்திருந்தது.

காவலர் கேட்டார்: "சார், ராத்திரி அவர் கத்துன சத்தம் எதுவும் கேக்கலையா?"

"இல்ல" என்றேன். உண்மை. அவன் கத்தவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான்.

எட்வின் ஜீப்பின் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 17, செவ்வாய்

தத்தனேரி மயானம். கூட்டம். இவ்வளவு பேரை அவனுக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. மைக்செட் கட்டுகிறவர்கள் மட்டுமே ஒரு தெரு அடைத்து நின்றார்கள். அவர்கள் யாரும் பாட்டுப் போடவில்லை, மரியாதையாம்.

மாரடைப்பு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நீரில் மூழ்கவில்லை. குளிரிலும் களைப்பிலும் இதயம் நின்றிருக்கிறது. எப்போது என்று எட்வின் கேட்டார். விடிவதற்குச் சற்று முன்புதான் என்றார்கள். அதைக் கேட்டு எட்வின் வெளியே போய் வாந்தி எடுத்தார். மருத்துவம் படித்தவர் இன்னும் திடமாக இருந்திருக்கலாம்.

டிசம்பர் 19, வியாழன்

எட்வின் ஆள் அனுப்பிப் படகுகளை எடுத்துக்கொண்டார். குழுவிலிருந்து விலகுவதாகச் செய்தி. ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஒருமனதாக.

டிசம்பர் 20, வெள்ளி

பதிவைக் கேட்டு மதிப்பெண் இடும் வேலை பாக்கி இருந்தது. தொடங்கியதை முடிப்பது என் வழக்கம். கூடத்தில் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். (பூமி பழைய விலைக்குக் கொடுத்தது. நல்ல கருவி.)

முதலில் தவளைகள். காற்று. பிறகு தட்டல். இரண்டு, பிறகு ஒன்று.

சமையலறையிலிருந்து வேதவல்லி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டி நேரே வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். யாருமில்லை. தட்டல் மறுபடி கேட்டது, அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து.

மெல்லத் திரும்பினாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"இது எங்க எடுத்தது?"

"குருந்தனேந்தல்ல. அன்னைக்கு."

"நீங்க அங்க இருந்தீங்களா? இந்தச் சத்தம் வர்றப்ப?"

"விளையாடுறான்னு நெனச்சேன்."

அவள் கதவைச் சாத்தவில்லை. கதவோரம் நின்றபடியே, தட்டல் மெலிந்து நிற்கும்வரை கேட்டாள். அதற்குப் பிறகு வந்த அமைதியையும் நின்றபடியே கேட்டாள். அந்தப் பகுதியின் தரத்தை அவளும் உணர்ந்திருக்க வேண்டும்.

குருந்தனேந்தல்: பத்துக்கு ஒன்பதரை. அரை மதிப்பெண் தட்டலுக்காகக் குறைத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

தட்டல் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை இணையத்தில் ஏற்றினேன். வெட்டிய பிறகு முழுமதிப்பெண் தரலாம். ஆனால் தலைப்பில் எழுதிய ஒன்பதரையை மாற்றவில்லை, நேர்மை வேண்டும். மாலைக்குள் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: 'எங்க அம்மா ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாத் தூங்குனாங்க. இது எந்த ஊர்?' ஊரைச் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை. செய்தித்தாளில் பெயர் வந்துவிட்டது. நேற்று நான்கு இளைஞர்கள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்களாம். நல்ல கண்மாய் ஒன்று கெட்டது.

வேதவல்லி பேசுவதில்லை. கோபம் ஆறட்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

தெய்வானை வந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லாமல் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு அந்த எடத்து சத்தத்தப் புடிச்சு வச்சிருக்கீங்களாமே. டாக்டர் சொன்னாரு. அவரு கடைசியா இருந்த எடம். ஒரு தடவ கேக்கணும்."

இணையத்தில் ஏற்றியதைப் போட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்துக் கடைசிவரை கேட்டாள். தவளை, காற்று, தண்ணீர்.

"ஒரு சத்தமும் இல்லையேண்ணே" என்றாள் முடிவில். "இவ்வளவு அமைதியாவா இருந்துச்சு! அப்ப அவரு ஒண்ணும் கஷ்டப்படல. படுத்துத் தூங்குற மாதிரி போயிருக்காரு. இல்லண்ணே?"

"ஆமா" என்றேன்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று என்னைக் கும்பிட்டாள்.

வேதவல்லி சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தெய்வானையின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தண்ணீரில் போட்டாள். தெய்வானைக்கு டம்ளர் நிறையக் காப்பி கொடுத்து, அவளோடு தெருமுனைவரை நடந்து போனாள்.

ஜனவரி 8, புதன்

காலையில் கூடத்தில் விசில் சத்தம். தூக்கிவாரிப்போட்டது. மேசைமேல் காப்பி. வேதவல்லி கழுத்தில் ஒரு கயிறு. அதில் ஆரஞ்சு விசில். இழுப்பறையைத் திறந்திருக்கிறாள். என்னைப் பார்க்காமலே சமையலறைக்குப் போய்விட்டாள்.

மதியம் சோற்றுக்கும் விசில்.

ஜனவரி 12, ஞாயிறு

ஒரு வார்த்தை இல்லை. வாரம் முழுக்க. என் குழுவில் இவளைச் சேர்த்திருக்கலாம். விதியை இவளைப்போல் கடைப்பிடித்த உறுப்பினர் யாருமில்லை. தங்கையிடம் போனில் பேசுகிறாள், கீரைக்காரியிடம் பேசுகிறாள். எனக்கு விசில்.

மற்றபடி வீட்டில் நல்ல அமைதி. இத்தனை வருடம் இதைத் தேடித்தான் கண்மாய் கண்மாயாக அலைந்தேன். பத்துக்கு ஒன்பது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். விசில்.

ஜனவரி 19, ஞாயிறு

இராமநாதபுரம் பக்கம் படத்தில் ஒரு கண்மாய் பார்த்தேன். தனியாகப் போக ஒரு சிறு படகு வாங்க வேண்டும். குறித்து வைத்தேன்.

பொழுது சாயும்போது விசில் கேட்டது. காப்பிக்கு நேரமில்லை, சோற்றுக்கும் நேரமில்லை. இரண்டு ஊதல், இடைவெளி, பிறகு ஒன்று. பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை. மறுபடியும், மறுபடியும்.

எழுந்து போனேன். விளக்கு போடவில்லை. வேதவல்லி வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, தெருவைப் பார்த்து நின்று ஊதிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தெருவில் யாருமில்லை.

பெயர் சொல்லி அழைக்கலாம் என்றிருந்தது. அதற்குப் பதிலாக, போதும், நிறுத்து என்று கையை உயர்த்தினேன்.

அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். ஊதுவதை நிறுத்தவில்லை.

இருட்டிவிட்டது. கை தெரிந்திருக்காது.